சும்மா கிடைத்த சிப்பாய்

(கல்லடி வீட்டுக் குழு, ஞாயிறு மாலை)

கவின்: மாமா, செஸ் போட்டியில் மூன்றாம் சுற்றில் தோத்துட்டேன். நான் கறுப்பு. இத்தாலியன் தொடக்கம்தான். நாலாவது நகர்வில் அவன் பி4 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளினான். சும்மா கிடக்குதே என்று பிஷப்பால் வெட்டினேன்.

குமார் மாமா: எவன்ஸ் கேம்பிட், சிப்பாயைக் கொடுத்து வேகமா அடிக்கிற தொடக்கம். வெட்டினது பிழையில்லை மனே. பிறகு?

கவின்: சி3 வந்தது, பிஷப்பை ஏ5க்கு எடுத்தேன். டி4 வந்தது, வெட்டினேன். அவன் கோட்டை கட்டினான். நான் சி3ஐயும் வெட்டினேன்.

குமார் மாமா: மூன்று சிப்பாய்! பந்தி முடியும் வரைக்கும் எழும்பவே இல்லை போல. உடனே ராணி பி3 வந்திருக்குமே?

கவின்: ஓம் 😭 ராணியும் பிஷப்பும் சேர்ந்து என்ர ராஜாவுக்குப் பக்கத்து எஃப்7ஐ பார்க்குது. என்ர பக்கம் ஒரு குதிரையும் அந்த பிஷப்பும்தான் வெளியில்.

ரஜி அக்கா (கல்முனை): எவன்ஸ் ஆர்? கிரிக்கெட்காரரா?

குமார் மாமா: கப்பல் கப்டன், வேல்ஸ் நாட்டுக்காரர். 1820களில் கண்டுபிடிச்சது. பழசு என்று எல்லாரும் ஒதுக்கி வைத்திருக்க, 1995இல் லாத்வியாவின் ரீகாவில் உலக சாம்பியன் காஸ்பரோவ் இதையே ஆனந்துக்கு விளையாடி 25 நகர்வில் முடித்தார்.

அம்மா: ஆனந்தே தோத்தாராம். பிள்ளையை ஏசாதீங்க அண்ணா.

குமார் மாமா: ஏசல்ல தங்கச்சி. ஆனந்த் இவனைப் போல அள்ளவில்லை, பிஷப்பை ஈ7க்குப் பின்வாங்கினார். அதற்கே அந்த அடி.

கவின்: அப்ப என்னதான் செய்யிற?

குமார் மாமா: பழைய உலக சாம்பியன் லாஸ்கரின் வழி. டி4 வந்ததும் வெட்டாமல் உன்ர சிப்பாயை டி6க்குத் தள்ளு. அவன் கோட்டை கட்டினதும் பிஷப்பை பி6இல் வை. அவன் ஈ5இல் வெட்டி, ராணியை மாற்றி, சிப்பாயைத் திரும்ப எடுப்பான். எடுக்கட்டும். ராணி போனால் அடியும் போச்சு. பி சிப்பாய் இல்லாமல் அவன்ர ஏ, சி சிப்பாய் இரண்டும் தனித்தனியே நிற்கும், அதைத்தான் பிறகு நீ பிடிக்கணும்.

ரஜி அக்கா (கல்முனை): பிஷப் என்றால் மந்திரியா? எங்கட வீட்டில் ராணியைத்தானே மந்திரி என்போம்?

குமார் மாமா: அது வேற சண்டை. கவின், எட்டு மணிக்கு வாறன், பலகையை அடுக்கு.

கவின்: 📷 வெள்ளைச் சிப்பாய் ஏழுதான் இருக்கு. பி2இல் போத்தல் மூடி வைத்திருக்கிறேன்.

குமார் மாமா: நல்லது, அதைத்தானே கொடுக்கப் போறோம்.

அம்மா: அது என்ர தைலப் போத்தல் மூடி. விளையாடி முடிய திருப்பித் தரணும்.