ஸ்பேஸ்மேக்ஸ் புதுப்பித்தபோது என் வினாத்தாள் ஸ்னிப்பெட்டுகள் போன கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்கான ஆயத்த அமைப்புத் தொகுப்புதான் ஸ்பேஸ்மேக்ஸ். அதில் என் அமைப்புகளுக்கு ஆறு வருடமாக ஒரே டாட்-ஸ்பேஸ்மேக்ஸ் கோப்புதான். மாஸ்டர் கிளை, பதிப்பு 0.200.13. வேலை நடந்துகொண்டிருந்ததால் கை வைக்கவில்லை. போன மாதம் லேப்டாப் மாற்றினேன். புதியதில் உபுண்டு 24.04, கூடவே ஈமேக்ஸ் 29. வீட்டுக் கோப்புறையை அப்படியே பழைய மெஷினிலிருந்து நகலெடுத்து வந்து ஈமேக்ஸைத் திறந்தால், திறக்கும்போதே பிழை மேல் பிழை.

ஸ்பேஸ்மேக்ஸ் வேலையெல்லாம் இப்போது டெவலப் கிளையில்தான் நடக்கிறது. அதற்கு மாறுவதுதான் வழி என்பது தெரியும். பழைய குப்பை எதுவும் வேண்டாம், சுத்தமாக ஆரம்பிக்கலாம் என்று ஸ்பேஸ்மேக்ஸ் இருக்கும் டாட்-ஈமேக்ஸ்-டி கோப்புறையை மொத்தமாக அழித்துவிட்டு, கிட்டிலிருந்து (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) புதிதாக இறக்கினேன். என் அமைப்புகள் எல்லாம் டாட்-ஸ்பேஸ்மேக்ஸ் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் மாதிரித் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்க உட்கார்ந்தேன். நான் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவன். எங்கள் வினாத்தாளில் பகுதி அ பத்து கேள்வி, தலா 2 மதிப்பெண். பகுதி ஆ ஐந்து கேள்வி, தலா 13. பகுதி இ ஒன்று, 15. பகுதி ஆ-வில் ஒவ்வொரு கேள்விக்கும் (அ), நடுவில் ‘அல்லது’, பிறகு (ஆ). வலது ஓரத்தில் மதிப்பெண், அதன் பக்கத்தில் பாடப் பயன் எண் (பாடத்தின் எந்தப் பயனைக் கேள்வி சோதிக்கிறது என்பது), அதற்கும் பக்கத்தில் புளூம் நிலை (எந்த அளவு சிந்தனையைக் கேட்கிறது என்பது). இத்தனைக்கும் சேர்த்து, ஆவணம் தயாரிக்கும் லாடெக்ஸில் ஒரு ஸ்னிப்பெட் வைத்திருந்தேன். நாலெழுத்து தட்டி டேப் அழுத்தினால் முழுக் கட்டமும் வந்து நிற்கும், கர்சர் முதல் கேள்வியில் காத்திருக்கும். அன்று தட்டினேன், டேப் அழுத்தினேன். நாலெழுத்து நாலெழுத்தாகவே நின்றது.

நாமே எழுதும் ஸ்னிப்பெட்டுகள் வழக்கமாகப் போய் உட்காரும் இடம் டாட்-ஈமேக்ஸ்-டி-க்குள் இருக்கும் பிரைவேட் என்ற கோப்புறை. கிட் அதைக் கண்டுகொள்ளாது. அதனால் சாதாரணமாகப் புதுப்பித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. கோப்புறையையே அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பக்கத்திலேயே இருக்கும் கேஷ் கோப்புறையும் அப்படித்தான். சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியலும் புக்மார்க்குகளும் அதில்தான் இருந்தன. பழைய லேப்டாப்பை அதற்குள் கல்லூரியில் திருப்பிக் கொடுத்து, அவர்களும் ஃபார்மேட் செய்துவிட்டார்கள். ஐந்து மாதத்துக்கு முந்தைய பேக்கப் ஒன்று ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததால் பெரும்பகுதி கிடைத்தது. அதற்குப் பிறகு எழுதிய ஏழெட்டை மட்டும் பழைய வினாத்தாள்களைப் பார்த்துத் திரும்ப எழுதினேன். ஈமேக்ஸின் துணைத் தொகுப்புகள் பழசாகித் தகராறு செய்தால், அழிக்க வேண்டியது அவை இறங்கியிருக்கும் எல்பா கோப்புறையை மட்டும்தான். அடுத்த முறை திறக்கும்போது அது தானாக எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும்.

அடுத்தது அமைப்புக் கோப்பு. இதற்கு ஸ்பேஸ்மேக்ஸிலேயே அருமையான வழி இருக்கிறது, ஆறு வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஸ்பேஸ் பார், எஃப், இ, பெரிய டி. என் கோப்பும் புதிய டெம்ப்ளேட்டும், இரண்டு கோப்புகளை ஒப்பிடும் ஈடிஃப்பில் அருகருகே திறக்கும். என்-ஐ அழுத்தினால் அடுத்த வித்தியாசம், பி-ஐ அழுத்தினால்... இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். முந்தைய வித்தியாசத்துக்குப் போவது ‘பென்’ என்பதில் வரும் பி. டெம்ப்ளேட்டில் இருப்பதை என் கோப்புக்குக் கொண்டுவருவது ‘பஸ்’ என்பதில் வரும் பி.

ஒன்றரை மணி நேரம் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெயர் மாறிய அமைப்புகள், புதிதாக வந்தவை, நான் எப்போதோ மாற்றி மறந்துபோனவை என்று எல்லாம் கண்ணுக்கு நேரே வந்தன. யூசர்-கான்ஃபிக் பகுதி வந்தபோது கை வேகத்தில் ‘பஸ்’ பி-யைத் தட்டிவிட்டேன். நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை வரியும் ஒரே நொடியில் மறைந்து, டெம்ப்ளேட்டின் வெற்றுப் பகுதி வந்துவிட்டது. உடனே ஆர், ஏ என்று அடுத்தடுத்து அழுத்தினால் பழையது திரும்பிவிடும். அதைக் கண்டுபிடிக்கும்வரை நெஞ்சு படபடத்தது உண்மை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் லாடெக்ஸ் தகராறு. டெர்மினலிலிருந்து ஈமேக்ஸைத் திறந்தால் பிடிஎஃப் ஒழுங்காக வருகிறது. ஐகானைக் கிளிக் செய்து திறந்தால் லாடெக்ஸ் நிரலே இல்லை என்கிறது. இரண்டு நாள் தேடினேன். லாடெக்ஸ் அடங்கிய டெக்ஸ் லைவை மீண்டும் நிறுவிக்கூடப் பார்த்தேன். காரணம் என் பழைய கோப்பில்தான் இருந்தது. புதிய டெம்ப்ளேட்டில் யூசர்-என்வ் என்று ஒரு சின்ன செயற்கூறு இருக்கிறது. பாத் (நிரல்களைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல்) முதலான சூழல் மாறிகளை டாட்-ஸ்பேஸ்மேக்ஸ்-டாட்-என்வ் கோப்பிலிருந்து படிப்பது அதன் வேலை. நான் எழுதிய காலத்தில் அது கிடையாது. ஈடிஃப்பில் அதைப் பார்த்தும், தேவையில்லை என்று தாண்டிப் போயிருக்கிறேன். அதைச் சேர்த்து, ஸ்பேஸ் பார், எஃப், இ, இ என்று அந்த என்வ் கோப்பைத் திறந்து, டெக்ஸ் லைவ் இருக்கும் இடம் பாத்-தில் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். அப்புறம் ஐகானிலிருந்தும் சரியாக ஓடியது.

ஒரு சந்தோஷமும் உண்டு. தமிழ் எழுத்து சரியாகத் தெரிய யூசர்-கான்ஃபிக்கில் எழுத்துருவுக்காக நாலைந்து வரி எழுதி வைத்திருந்தேன். ஈமேக்ஸ் 27-லிருந்து எழுத்துகளை வடிவமைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் பார்த்துக்கொள்கிறது. ‘கொ’, ‘கௌ’ எல்லாம் பிசிறில்லாமல் வருகின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ் என்று ஒரு வரி போதுமாக இருந்தது, மற்றதை எடுத்துவிட்டேன்.

நீங்கள் யாராவது பழைய பதிப்பிலிருந்து மாறியிருந்தால் எங்கே இடறினீர்கள் என்று எழுதுங்கள். இன்னும் நம்மில் நிறையப் பேர் 0.200-லேயே இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

—

பதில்

சார், எனக்கு மாறுவதற்கு முன்பே தடை வந்தது. அலுவலக மெஷினில் டெபியன் 10, அதில் ஈமேக்ஸ் 26.1. ஸ்பேஸ்மேக்ஸைப் புதுப்பிக்கப் போனால் தொகுப்பு இறக்கும் இடத்திலேயே ‘கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று நின்றுவிட்டது. நெட்வொர்க் பிரச்சினை என்று நினைத்து ப்ராக்ஸி அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், தொகுப்புகள் வரும் க்னூ எல்பா களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பழைய ஜிபிஜி சாவி 2019 செப்டம்பரிலேயே காலாவதி ஆகிவிட்டது. ஈமேக்ஸ் 26.3 பதிப்பில் புதிய சாவி சேர்ந்தே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறோம்.

கையொப்பச் சோதனையையே அணைத்துவிடு என்று பலர் சொன்னார்கள். அப்படியே விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கிருந்து என்ன இறங்குகிறது என்று பார்க்க இருப்பதே அந்த ஒரு சோதனைதான். ஒரு முறை மட்டும் அணைத்து, சாவியைப் புதுப்பிக்கும் தொகுப்பை நிறுவி, உடனே சோதனையைத் திரும்ப இயக்கினேன். பிறகு எல்லாம் இறங்கியது.

—

பதில்

நான் இடறியது வேறு இடம். அமைப்பை கிட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று டாட்-ஸ்பேஸ்மேக்ஸ்-டி கோப்புறையில் இனிட் கோப்பாக மாற்றினேன். அதில் எதை மாற்றினாலும் எதுவும் நடக்கவில்லை. தீமை மாற்றினேன், ஃபான்ட் அளவை மாற்றினேன், அசையவில்லை. ஒரு வாரம் இதே கதை. வீட்டுக் கோப்புறையில் டாட்-ஸ்பேஸ்மேக்ஸ் கோப்பு இருந்தால் ஸ்பேஸ்மேக்ஸ் அதைத்தான் எடுக்கும், கோப்புறையைத் திரும்பிப் பார்க்காது. முதல் முறை திறந்தபோது அது கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன் அல்லவா, அப்போதே அந்தக் கோப்பை உருவாக்கி வைத்துவிட்டது. அதன் பெயரை மாற்றிய அடுத்த நிமிடம் என் தீம் வந்தது.

—

பதில் (தொடங்கியவர்)

இரண்டு பேருக்கும் நன்றி. டாட்-ஸ்பேஸ்மேக்ஸ்-டி யோசனையைப் படித்த அன்றே நானும் அதற்கு மாறிவிட்டேன். ஸ்னிப்பெட்டுகளையும் அதற்குள் போட்டு, ஸ்பேஸ்மேக்ஸின் ஆட்டோ-கம்ப்ளீஷன் லேயரில் (தானாக நிரப்புவதைக் கவனிக்கும் அமைப்புப் பகுதி) அந்த இடத்தைக் குறிப்பிட்டேன். இப்போது அமைப்பும் ஸ்னிப்பெட்டும் ஒரே கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. கல்லூரிக் கணினியிலும் ஒரு பிரதி உண்டு.

எங்கள் துறையில் இன்னொருவரும் 0.200-லிருந்து மாறினார். அவருக்கு எதையும் அழிக்காமலே செய்து கொடுத்தேன். ஈமேக்ஸ் 29-ல் தொடங்கும்போதே எந்தக் கோப்புறையிலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்ல ‘இனிட்-டைரக்டரி’ என்ற விருப்பம் இருக்கிறது. புதிய ஸ்பேஸ்மேக்ஸை வேறு பெயரில் இறக்கி, அமைப்புக் கோப்பின் நகலுக்கு ஸ்பேஸ்மேக்ஸ்-டிர் என்ற சூழல் மாறியில் இடம் காட்டினோம். பழையது அதன் இடத்தில் அப்படியே இருந்தது. ஒரு வாரம் புதியதில் வேலை பார்த்துவிட்டு, பிரைவேட் கோப்புறையைக் கையால் நகலெடுத்த பிறகுதான் பழையதை எடுத்தார். அவருடைய 13 மதிப்பெண் கட்டம் முதல் டேப்பிலேயே வந்தது.