மறு: கேக் தட்டில் இறுகிய எண்ணெய்க்கு ஒரு சொல்

> 'கருகுகொழுப்புக் கறை' என்று வைத்துக்கொள்ளலாமே?

கொழுப்பு இருக்கட்டும். 'கருகு', 'கறை' இரண்டோடும் எனக்கு வழக்கு உண்டு.

ராயபுரத்தில் அக்கா கிறிஸ்துமஸ் கேக் சுடும் இரும்புத் தட்டை நேற்று ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மூலைமடிப்பில் இருப்பது கரி அன்று. தேன் நிறத்தில், வார்னிஷ் பூசியதுபோல் மின்னுகிறது. நகம் வழுக்குகிறது, விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. சூட்டில் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பலபடியாக, அதாவது பாலிமராக, மாறிவிட்டன. அது இனி எண்ணெயே அன்று. பாத்திரம் துலக்கும் சோப்புக்கு மசியாததும் அதனால்தான்.

'கறை' இன்னும் மோசம். தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்குகிறோமே, அங்கே விரும்பி வளர்ப்பதும் இதே படலம்தான். கல்லில் இருந்தால் சொத்து, தட்டில் இருந்தால் கறையா? கலைச்சொல் பொருளைச் சொன்னால் போதும். தேய்க்கிறவரின் எரிச்சலையும் அது சுமக்க வேண்டாம்.

'பற்று' என்ற சொல் மேல் எனக்கு ஆசை இருந்தது. பத்துப் பாத்திரம் என்பதே பற்றுப் பாத்திரம்தானே. ஆனால் அது ஒட்டிய சோறு, குழம்பு. இரவு நீரூற்றி வைத்தால் காலையில் விட்டுவிடும். இது விடாது.

என் பரிந்துரை: இறுகுபிசின். வேப்பம்பிசினை நினைத்துப் பாருங்கள். முதலில் கையில் ஒட்டும், காய்ந்தால் கண்ணாடிபோல் கட்டியாகும். வினைத்தொகை என்பதால் இறுகியதும் இறுகுவதும் இனி இறுகப்போவதும் அடங்கிவிடும். தட்டு ஒவ்வொரு முறை அடுப்பேறும்போதும் நடப்பது அதுதான். துடைத்தால் போகும் புது எண்ணெய்க்குப் 'பிசுக்கு' இருக்கவே இருக்கிறது.

சொல் சரியானால் மருந்தும் தெரியும். எண்ணெய் என்றால் சோப்பைத் தேடுவோம். பிசின் என்றால் அதன் பிணைப்பை அறுக்கும் காரத்தைத் தேடுவோம். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, தட்டை ஊறவைத்துத் தேய்த்தால் இளகுகிறது. வெள்ளாவி வைத்த வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு காரத்தின் வலிமையை நான் விளக்க வேண்டியதில்லை. சிலர் சோடாவோடு வினிகரையும் ஊற்றுகிறார்கள். நுரை பொங்கும், அவ்வளவுதான். ஒன்றை ஒன்று தீர்த்துவிடும்.

அலுமினியத்தை மட்டும் சோடா நீரில் போடாதீர்கள். அக்காவின் இன்னொரு தட்டை நான் பாராமல் போட்டுவிட்டேன், கறுத்துவிட்டது. அதை வேண்டுமானால் கறை என்று சொல்லுங்கள். அக்கா வேறு பெயர் சொன்னார், கலைச்சொல் பட்டியலில் சேர்க்க இயலாது.