தொழிலில் உங்களைத் தடுத்து நிறுத்திய ஆள் யார்?

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி:

உள்ளூரில் பருப்பு வாங்கி புதுச்சேரிக் கடைகளுக்குப் போடுகிறவன் நான். இது 2012 கோடையில் நடந்தது. அதற்கு முந்தைய டிசம்பர் 30ஆம் தேதி அடித்த தானே புயலில் எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்திருந்தன. பலாவும் போச்சு. பூக்க மரமே இல்லாதபோது கொட்டை எங்கிருந்து வரும்? ஆப்பிரிக்கக் கொட்டையை வைத்துத்தான் உடைப்பு ஓடியது.

கல்யாண சீசன். ஒரு கடைக்காரர் 240 ரகத்தில் நூறு கிலோ கேட்டார். (தெரியாதவர்களுக்கு: ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 240 பருப்புக்கு மேல் இருக்கக் கூடாது. 320 என்றால் அதைவிடச் சிறுசு. நம்பர் ஏற ஏற விலை இறங்கும்.) என்னிடம் அறுபது கிலோதான் தேறியது. மீதிக்கு 320ஐக் கலந்துவிட்டால் யார் உட்கார்ந்து எண்ணப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

தரம் பிரிக்கும் அக்காவிடம் இரண்டு தட்டையும் ஒன்றாகக் கொட்டச் சொன்னேன். அவர் தலை நிமிரவே இல்லை. "காலையிலேருந்து கண்ணு நோகப் பிரிச்சது கலக்குறதுக்கா தம்பி? அப்ப எனக்குக் கூலி எதுக்கு?" என்றார். கோபம்கூட இல்லை, புரியாமல் கேட்டதுபோலத்தான் இருந்தது. நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். விலை ஏறிவிட்டது, எல்லாரும் செய்கிறார்கள், இப்படி. அவர் பாட்டுக்குப் பிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கே தட்டை எடுத்துக் கொட்டக் கை வரவில்லை.

அறுபது கிலோவை மட்டும் அனுப்பினேன். கடைக்காரர் திட்டிவிட்டு மீதியை வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டார். அப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை. அவரே தேடி வந்து பாராட்டினார் என்று முடிக்க எனக்கும் ஆசைதான்!

புதுச்சேரி, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர்:

தானே என்றதும் எனக்கு உறுத்துகிறது. புயல் முடிந்து ஊரே இருட்டில் கிடந்தது. குட்டியானையில் ஜெனரேட்டரை ஏற்றி வீடு வீடாகப் போய், மோட்டார் ஓடவிட்டு மாடித் தொட்டியை நிரப்பிக் கொடுத்தேன். வாடகை வழக்கத்தைவிடப் பல மடங்கு. டீசலுக்கு அலைந்தது உண்மை, தூங்காமல் உழைத்ததும் உண்மை. இரண்டையும் தாராளமாகக் கணக்குப் போட்டாலும் நான் வாங்கிய தொகை வராது.

முத்தியால்பேட்டையில் ஒரு பாட்டி, பேரமே பேசாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். "வேர்த்துக் கொட்டுதே, தண்ணி குடிச்சிட்டுப் போப்பா" என்று ஒரு சொம்பும் நீட்டினார். குடித்தேன். சரி, இவரிடம் பாதியாவது திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

அடுத்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று எவ்வளவு என்று கேட்டார். அதே ரேட்டைத்தான் சொன்னேன்.