அமெரிக்கப் பல்கலைகள்: வெள்ளையரல்லாத பெண் பேராசிரியர்களுக்குத் தனி ஆதரவு தேவையா?

கயல்விழி:
அமெரிக்காவில் டென்யூர் எனும் நிரந்தரப் பணிக்கு வழக்கமாக 6 வருடக் கெடு. பேராசிரியர் பதவியின் உச்சப் படியான முழுப் பேராசிரியர்களில் கறுப்பினப் பெண்கள் சுமார் 2 விழுக்காடுதான். பெரிய காரணங்களில் ஒன்று கமிட்டி வேலை. புது ஆசிரியரை வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு தேர்வுக் கமிட்டியிலும் வெள்ளையரல்லாத ஒருவர் வேண்டும் என்கிறார்கள். துறையில் இருப்பதே ஒருவர் என்றால் எல்லாம் அவர் தலையில்தான். நிறத்தால் ஒதுக்கப்பட்டதாக உணரும் மாணவர்களும் அவர் அறைக்கே வருகிறார்கள். 1994-லேயே உளவியலாளர் அமாடோ பாடியா இதைப் 'பண்பாட்டு வரி' என்றார். டென்யூர் கோப்பில் எண்ணப்படுவதோ ஆய்வுக் கட்டுரைகள்.

செந்தில்நாதன்:
சுமை உண்மைதான். அதற்குத் தனித்திட்டம் மருந்தில்லை. டெக்சாஸின் எஸ்பி 17 சட்டம் 2024 ஜனவரி 1-ல் அமலானதும் அரசுப் பல்கலைகளில் இனம், பாலினம் சார்ந்த பன்முகத்தன்மை அலுவலகங்கள் மூடப்பட்டன. இனத்தின் பெயரால் கட்டியது ஒரே சட்டத்தில் போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே விதி போடுங்கள். அதிக வேலை வந்தால் 'முடியாது' என்று சொல்லட்டும்.

கயல்விழி:
யாரிடம் சொல்வது, செந்தில்? கேட்பவர் துறைத்தலைவர். டென்யூருக்கு வாக்களிக்கும் மூத்தவர்களில் அவரும் ஒருவர். ஒரே விதி என்பதும் தானாக நியாயமாகிவிடாது. குழந்தை பிறந்தால் ஆண், பெண் இருவருக்குமே கெடுவை நீட்டும் விதியை முன்னணிப் பொருளியல் துறைகளில் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். ஆண்களுக்கு டென்யூர் வாய்ப்பு ஏறியது, பெண்களுக்கு இறங்கியது.

நிர்மலா:
இனத்தைக் குறிப்பிடாமலே செய்ய வழி இருக்கிறது. யாருக்கு எத்தனை கமிட்டி, எத்தனை ஆய்வு மாணவர், எத்தனை பரிந்துரைக் கடிதம் என்று துறை முழுவதற்கும் ஒரே பட்டியல். வருடா வருடம், எல்லோர் பார்வைக்கும். வேலையின் கனத்துக்கேற்ப புள்ளி: நூற்றுக்கணக்கான விண்ணப்பம் படிக்கும் தேர்வுக் கமிட்டியும் வருடத்தில் இரண்டு முறை கூடும் கமிட்டியும் ஒன்றாகாது. வரம்பைத் தாண்டினால் அடுத்த பருவத்தில் ஒரு பாடம் குறைய வேண்டும். இதெல்லாம் டீன் கையெழுத்தோடு எழுத்தில் இருக்கணும். துறைத்தலைவர் மாறுவார், வாய்வாக்கு அவரோடே போய்விடும். இரண்டு துறைகளுக்குப் பொதுவான நியமனம் இன்னும் மோசம்: இரண்டிலும் முழு வேலை வாங்குவார்கள். யார் மதிப்பிடுவது, எந்தத் துறைக் கமிட்டிகளில் உட்காருவது என்பதைச் சேரும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கணும்.

செந்தில்நாதன்:
பட்டியலை ஏற்கிறேன், நிர்மலா. ஆனால் மாணவர்கள் ஆசிரியருக்குப் போடும் மதிப்பெண்ணை டென்யூர் கணக்கிலிருந்து நீக்கச் சிலர் சொல்வதை ஏற்க மாட்டேன். 2015-ல் வட கரோலினா மாநிலப் பல்கலை ஆய்வைக் காட்டுவார்கள்: இணைய வகுப்பில் ஆசிரியருக்குப் பெண் பெயர் இருந்தால் மதிப்பெண் குறைந்ததாம். அது ஒரே பாடம், சில டஜன் மாணவர்கள். நிறத்தை அது அளக்கவே இல்லை.

கயல்விழி:
அந்த ஒரு ஆய்வை மட்டும் நம்பி யாரும் முடிவெடுக்கவில்லை. 2018-ல் கனடாவின் ரையர்சன் பல்கலை வழக்கில், பதவி உயர்வுக்கும் டென்யூருக்கும் கற்பித்தல் திறனை அந்த மதிப்பெண்களால் அளக்கக் கூடாது என்று நடுவர் தீர்ப்பளித்தார். மாணவர் கருத்தைக் கேட்கலாம். சராசரி எண்ணை வைத்து வேலையைப் பறிக்கக் கூடாது. பதிலாகச் சக ஆசிரியர்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுதட்டும்.

நிர்மலா:
அந்த அறிக்கை எழுதும் வேலையையும் புள்ளிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், கயல். இல்லாவிட்டால் அதையும் அதே பெண்களிடம்தான் தள்ளுவார்கள்.