பிள்ளைக்கு தொட்டா கொப்புளம், இது என்னால வந்ததா?

சிப்புட் அம்மா:
வணக்கம், மகனுக்கு நாலு மாசம் ஆகுது, நாங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். பொறந்த அன்னைக்கே கையில ஒட்டுன பிளாஸ்டரை எடுக்கையில தோலும் சேந்து வந்துருச்சு. இப்ப தூக்குனா அக்குள்ல கொப்புளம், போத்தல் சூப்பி பட்டா உதட்டுல கொப்புளம். டிஸ்ட்ரோபிக் எபிடெர்மோலிசிஸ் புல்லோசான்னு டாக்டர் சொன்னாங்க, ஜீன் டெஸ்ட்ல சிஓஎல்7ஏ1ங்கிற ஜீனோட ரெண்டு காப்பியிலயும் ஒரே எடத்துல ஒரே மாத்தமாம். மாமியார் (என் அப்பாவோட அக்காதான்) முதல்ல அம்மைன்னு வேப்பிலை கட்டுனாங்க, இப்ப உங்கம்மா வழி குறைங்கிறாங்க. இவன் வயித்துல இருக்கையில ஆறு மாசம் வரைக்கும் தோட்டத்துல புல்லு மருந்து அடிச்சேன், அதனாலயா? ராத்திரியில தூக்கமே இல்ல.

லேப்காரன்:
தங்கச்சி, மருந்து அடிச்சதால இல்ல, மனசுல இருந்து அதை எடுத்துடுங்க. சட்டைக்கு உள்துணி வச்சு தைக்கிறோம்ல, அந்த நூல் மாதிரிதான் ஏழாம் வகை கொலாஜன், மேல்தோலை அடித்தோலோட பிடிச்சு வைக்குது, அதை செய்யச் சொல்ற ஜீன்தான் சிஓஎல்7ஏ1. நூல் இல்லன்னா லேசா உரசுனாலே தோல் வழுக்கி நடுவுல தண்ணி கட்டிக்கும். உங்க பிள்ளைக்கு வந்தது ரிசெசிவ், அப்பா அம்மா ரெண்டு பேருகிட்ட இருந்தும் ஒவ்வொரு பழுது காப்பி வந்தாத்தான் வரும், ஒன்னு மட்டும் இருக்குற உங்களுக்கு தோல்ல எந்த அறிகுறியும் தெரியாது. ஒரே மாத்தம் ரெண்டு பக்கமும் இருக்கு, நீங்களும் அத்தை பையனை கட்டியிருக்கீங்க, அப்ப அது பெரும்பாலும் உங்க அப்பா, அத்தை ரெண்டு பேரையும் பெத்தவங்க வழியா வந்திருக்கும், உங்கம்மா வழின்னு சொல்றது பொருந்தவே இல்ல. அதுக்காக அத்தைகிட்ட சண்டைக்கு போகாதீங்க, அவங்களும் தெரிஞ்சு குடுக்கல.

ரெண்டு பிள்ளை அப்பா:
எங்க சின்னவளுக்கும் இதேதான். சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மாட்டுங்க, தையல் தோல்ல படாது. அக்குள்ல கை குடுத்து தூக்காம அடியில கைய விட்டு மெத்தையோட சேத்து தூக்குங்க. கொப்புளத்தை நர்ஸ் காட்டுற மாதிரி சுத்தமான ஊசியால குத்தி தண்ணிய எடுத்துட்டு மேல்தோலை அப்படியே விடணும், உரிச்சிடாதீங்க. இது ஒட்டாது, மத்த பிள்ளைங்க கூட விடலாம். இந்த நோய் இருக்குற குடும்பங்களுக்கு உதவுற சங்கம் டெப்ரா மலேசியா, அவங்களை கேளுங்க. அமெரிக்காவுல 2023ல நல்ல ஜீனை புண்ணுல தடவுற ஜெல்லுக்கு அனுமதி குடுத்தாங்க, முழு குணம் இல்ல, ஆனா புண்ணு ஆறுது.

சிப்புட் அம்மா:
அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி. அத்தைக்கு வாசிச்சு காட்டினேன், ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அவங்களே சொன்னாங்க, அவங்க சித்தப்பா பிள்ளை ஒன்னு தோல் உரிஞ்சே செத்துச்சாம், அம்மைன்னு நெனச்சு புதைச்சாங்களாம். இப்ப பிள்ளைக்கு சட்டையை திருப்பிப் போடுறது அவங்கதான். எங்களுக்கு இன்னொன்னு பொறந்தா? நாத்தனாருக்கும் சொந்தத்துல மாப்பிள்ளை பாக்குறாங்க.

லேப்காரன்:
ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு வாய்ப்பு, இவனுக்கு வந்துருச்சுன்னு அடுத்ததுக்கு வாய்ப்பு குறையாது, அதனால அடுத்ததுக்கு முன்னாடியே ஜெனடிக் டாக்டரை பாருங்க. நாத்தனார் கேரியரா, அதாவது ஒரு பழுது காப்பி மட்டும் உள்ளவங்களா இருக்க குறைஞ்சது பாதிக்கு பாதி வாய்ப்பு. அவங்களையும் மாப்பிள்ளையையும் நிச்சயத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, போகும்போது உங்க மகன் ரிப்போர்ட் காப்பி ஒன்னு கையில குடுத்து விடுங்க, எந்த எடம்னு தெரிஞ்சா தேடுறது சுலபம்.