ஸ்னாப்பர் கோட்டா பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நியூசிலாந்தின் ஸ்னாப்பர் மீன் கோட்டா பற்றி எங்கள் ஊர் மீனவர்களுக்காக ஒரு குறிப்பு எழுதுகிறேன். 1986-இல் ஆளுக்கு இத்தனை டன் பிடிக்கலாம் என்று உரிமை கொடுத்தார்கள்; அதுதான் கோட்டா. 1990-இல் அதை, ஓர் ஆண்டில் மீன்பிடித் தொழிலில் பிடிக்கலாம் என்ற மொத்த அளவில் இத்தனை பங்கு என்று மாற்றினார்கள். சரி, இதுவரை புரிகிறது.

வேறு மீனுக்குப் போட்ட வலையில் ஸ்னாப்பர் ஏறி, அந்த ஆண்டு பிடிக்கக் கையிலுள்ள அளவைத் தாண்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று அரசுக்குக் கட்ட வேண்டும். அந்தத் தொகை குறைவாக இருந்தால் வேண்டுமென்றே பிடிப்பார்கள். அதிகமானால் யாருக்கும் தெரியாமல் கடலிலேயே கொட்டத் தோன்றும். இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அப்புறம், பங்கை விற்றுவிட்ட சின்னப் படகுக்காரர் பிறகு எப்படிப் பிழைக்கிறார்? எங்கள் ஊரில் முதலில் இதைத்தான் கேட்பார்கள். அங்கே படகிலோ மீன் இறக்கும் இடத்திலோ வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.