பொருள்: காரில் ‘புவித்தொடுப்பு’ எங்கே இருக்கிறது?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காரில் பட்டரியையும் விளக்குகளையும் காரின் உலோக உடல் வழியாக இணைக்கிற தொடுப்பை கராஜில் ‘எர்த்’ என்கிறார்கள். அதற்குப் ‘புவித்தொடுப்பு’ வேண்டாம், ‘உடற்றொடுப்பு’ என்போம் என்று சென்ற கிழமை இரண்டே வரியில் போட்டுவிட்டு நான் போய்விட்டேன். வந்த மறுப்புகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சொல் எந்தச் சிக்கலில் பிறந்தது என்று சொல்லாமல் விட்டது என் பிழை. ஆகவே இந்த முறை கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

என்னிடம் 1962ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. வீடு மட்டக்களப்புக் கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வெளியே வைக்கிற இரும்பு எதுவும் கறள் பிடிக்காமல் தப்பாது. போன மாரியில் காருக்கு ஒரு விநோதமான வருத்தம் வந்தது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்குகள் பளிச்சென்று எரியாமல் பார்க் லைற் அளவுக்குத்தான் எரிந்தன. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இருட்டில் முன்னால் போய்ப் பார்த்தால், முன் பார்க் லைற் இரண்டும் அணையப்போகும் கொள்ளி மாதிரி மெல்லச் சிவந்திருந்தன. அவற்றின் ஆளியை (சுவிட்சை) நான் தொடவே இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

இரண்டு நாள் வயர் தேடினேன். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் ஒரு வசதி உண்டு. வயரின் நிறமே அதன் வேலையைச் சொல்லும். கபிலம் என்றால் பட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை என்றால் சாவி போட்ட பிறகு வருவது, பச்சையில் ஊதாக் கோடு பிரேக் விளக்கு, சிவப்பு பார்க் லைற், கறுப்பு எர்த். நான் பச்சை-ஊதாவைப் பின்னாலிருந்து முன்னால் வரை தடவி வந்தேன். பிரேக் ஆளியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். சிவப்பு வயரோடு எங்காவது ஒட்டிக் குறுஞ்சுற்று ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி. கறுப்பு வயர் பக்கம் மட்டும் என் கை போகவே இல்லை.

கடைசியில் காத்தான்குடியில் பழைய கார்களுக்கு வயறிங் செய்கிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அழைப்பது அப்படித்தான்) ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் மீற்றரை எடுக்கவே இல்லை. ஒரு துண்டு வயரை எடுத்தார். ஒரு முனையைப் பின்விளக்கின் தகட்டில் வைத்தார், மறுமுனையைப் பட்டரியின் எர்த் முனையோடு சேர்த்தார். “இப்ப மிதிங்க சேர்” என்றார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. முன் பார்க் லைற் அணைந்தது. “வயருல ஒண்டும் இல்ல சேர். பொடி எர்த் போயிட்டு.” பொடி என்று அவர் சொன்னது காரின் உடலை, ஆங்கில ‘body’யை.

நடந்தது இதுதான். பின்விளக்கின் குமிழ் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு இழைகள்: பிரேக்குக்கு 21 வாற், பார்க்குக்கு 5 வாற். இரண்டுக்கும் பொதுவான மறுமுனை அந்தத் தகடு. தகடு காரின் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். கறளும் களிம்பும் இடையில் புகுந்து அந்த ஒட்டுதலைக் கெடுத்துவிட்டன. பிரேக் இழையின் மின்னோட்டத்துக்கு நேர்வழி அடைபட்டது. அது பக்கத்திலிருந்த பார்க் இழை வழியாக, சிவப்பு வயரைப் பிடித்து, முன்விளக்குகள் வரை சுற்றி, அங்கே நல்லபடியாக இருந்த தொடுப்பைத் தேடிப் போயிருக்கிறது. காக்கா போன பிறகு ஆசைக்கு அளந்து பார்த்தேன். பிரேக்கை மிதித்த நிலையில் தகட்டுக்கும் காரின் உடலுக்கும் இடையில் 9 வோல்ற்! 12 வோல்ற் பட்டரியில் விளக்குக்கு மிஞ்சியது 3தான். உப்புத்தாளால் தேய்த்துத் தகட்டை மறுபடி இறுக்கியதும் அந்த 9 என்பது 0.1க்கு வந்தது.

(இதை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். காரை அணைத்துவிட்டுத் தடையை மட்டும் அளந்தால், ஒரே ஒரு செப்பிழை மிஞ்சியிருக்கிற வயரும் ‘நான் நலம்’ என்றுதான் சொல்லும். மீற்றர் அனுப்புகிற துளி மின்னோட்டத்துக்கு அந்த ஓர் இழை போதும்.)

சரி, சொல்லுக்கு வருவோம். இரண்டு நாள் நான் ஏன் கறுப்பு வயரைத் திரும்பிப் பார்க்கவில்லை? என் மண்டையில் இருந்த சொல் ‘புவித்தொடுப்பு’. பள்ளிக்கூடத்தில் படித்தது, வீட்டு மின்சாரத்துக்கு உரியது. வீட்டில் அது மண்ணில் அறைந்த கம்பிக்குப் போகும் பாதுகாப்பு வழி. சாதாரண நேரத்தில் அதில் மின்னோட்டம் ஓடாது. அதைக் கழற்றினாலும் விளக்கு எரியும். காரில் நிலைமை அப்படியே தலைகீழ். ஒவ்வொரு விளக்கின் முழு மின்னோட்டமும் எந்நேரமும் அதன் வழியாகத்தான் ஓடுகிறது. அது இல்லையேல் எதுவும் எரியாது. போதாததற்கு, அங்கே புவியே கிடையாது. கார் நிற்பது நான்கு றப்பர் சக்கரங்களின் மேல்.

வாகனத்தில் உண்மையான புவித்தொடுப்பு எது என்று கேட்டால், பெற்றோல் பவுசரின் (எரிபொருள் ஏற்றும் லொறியின்) பின்னால் தெருவில் இழுபட்டுப் போகிற சங்கிலியைக் காட்டுவேன். ஓடும்போது சேருகிற நிலைமின்னை மண்ணுக்கு இறக்கத்தான் அது. காரின் உடலையும் அந்தச் சங்கிலியையும் ஒரே சொல்லால் அழைத்தால், பவுசருக்கு வயறிங் செய்கிறவன் என்ன செய்வான்? ஆங்கிலேயர் ‘எர்த்’ என்கிறார்கள், அமெரிக்கர் ‘கிரவுண்ட்’ என்கிறார்கள். இருவருமே மண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் காருக்கு மண்ணைக் கூப்பிடுவதில்லை. பெருந்திரள் என்று பொருள்படுகிற ‘மாஸ’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து ‘திணிவுத்தொடுப்பு’ என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். திணிவு என்றதும் நம் பிள்ளைகள் கிலோகிராமைத் தேடுவார்கள்.

சென்னை நண்பர் முன்வைத்த ‘மீள்வழி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. போன மின்னோட்டம் திரும்பி வருகிற வழி, சுருக்கம், தெளிவு. ஒரு முழு நாள் அதன் பக்கமே சாய்ந்திருந்தேன். ஆனால் என் மைனரில் அது கவிழ்ந்துபோகிறது. இன்றைய ஜப்பான் கார்களில் பட்டரியின் மறைமுனை உடலோடு இணைந்திருக்கும். மைனரில் இணைந்திருப்பது நேர்முனை. பாடநூல் சொல்கிறபடி மின்னோட்டத்தை நேரிலிருந்து மறைக்கு ஓடவிட்டால், அது முதலில் காரின் உடலுக்குள் இறங்கி, விளக்கில் ஏறி, பிறகு வயர் வழியாகத்தான் திரும்பும். அப்படியானால் பச்சை-ஊதா வயர்தான் மீள்வழி! இது வெறும் சொல்விளையாட்டு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு கராஜில், ‘எர்த் என்றால் மறை’ என்று நினைத்த பொடியன் ஒருவன் இப்படியான கார் ஒன்றுக்குப் பட்டரியை மாற்றிப் பூட்டிவிட்டான். ஸ்ராட்டர் வழக்கம்போலச் சுற்றியது, விளக்கெல்லாம் எரிந்தது. ரேடியோ போய்விட்டது. ‘நேர் உடற்றொடுப்பு’, ‘மறை உடற்றொடுப்பு’ என்று இரண்டு பெயர் அவன் காதில் விழுந்திருந்தால் ஒரு நொடியாவது நின்று பார்த்திருப்பான்.

இன்னொருவர் சொன்ன ‘கூடு’ நல்ல தமிழ்தான், காரின் உடலுக்கு ‘உடல்’ என்பதைவிட அழகாகவே பொருந்துகிறது. ஆனால் ‘கூட்டுத்தொடுப்பு’ என்று எழுதினால் பல வயர்களைச் சேர்த்துக் கட்டியது என்றுதான் படிப்பார்கள்.

கல்முனை ஆசிரியர் நண்பரின் கவலை வேறு. சாதாரண தரப் பாடநூலில் உள்ள சொல்லை நாம் மாற்றினால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்கிறார். பாடநூலில் நான் கை வைக்கவில்லை. வீட்டுக்கும் பவுசர் சங்கிலிக்கும் ‘புவித்தொடுப்பு’ அப்படியே இருக்கட்டும். பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதைக் காக்காவே எனக்கு முன்னால் செய்துவிட்டார், கவனித்தீர்களா? அவர் வெறும் ‘எர்த்’ என்று சொல்லவில்லை, ‘பொடி எர்த்’ என்றார். நான் செய்ததெல்லாம் அதில் இருந்த எர்த்தைக் கழற்றிவிட்டுத் தொடுப்பை வைத்ததுதான். பொடி என்றால் நம் ஊரில் பிரேதமல்லவா என்று ஒருவர் கேலி செய்திருந்தார். உண்மைதான். உடல் என்ற சொல்லுக்கும் அந்த நிழல் உண்டு. கராஜில் யாரும் அழப்போவதில்லை.

புணர்ச்சி பற்றியும் ஒரு வார்த்தை. ‘உடற்றொடுப்பு’ வாயில் நுழையவில்லை, ‘உடல்தொடுப்பு’ என்றே எழுதலாம் என்று மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். எழுதுங்கள், பொருள் கெடாது. ஆனால் எங்கள் பக்கம் ‘கடற்றொழில்’ என்று அரசாங்கப் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது, மீன் வாங்கப் போகிறவரெல்லாம் வாசிக்கிறார்கள். அதனால் எனக்கு அது உறுத்தவில்லை. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தவர். அவர் அடங்கிய இடம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்தத் துணிச்சலில் ‘ற்றொ’வை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முன்விளக்கைச் சிவக்க வைத்த அந்தச் சுற்றுவழி மின்னோட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘கள்ளக் கரண்ட்’ என்று சொல்லிப் பார்த்தேன். அது மின்கம்பத்தில் கொக்கி போடுகிறவர்களுக்கு ஏற்கெனவே சொந்தமாகிவிட்டது. ‘கள்ளவழி மின்னோட்டம்’ என்றால் கொஞ்சம் தேறும். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் தாருங்கள், நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன்.

எனக்குத் தீராத ஐயம் ஒன்றுதான். ஃபைபர் படகில் உலோக உடலே இல்லை. அங்கே பட்டரியின் மறுமுனைக்குத் தனி வயர் ஒன்றை விளக்கு வரை இழுக்கிறார்கள். அதை உடற்றொடுப்பு என்று சொல்ல முடியாது. வாழைச்சேனையிலோ ஒலுவிலிலோ படகு வயறிங் செய்கிறவர்கள் அந்த வயரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது துறைக்குப் போகும்போது கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கல்லடி மைனர்காரன்